கொள்ளிடத்துல ஆகாயத்தாமரை

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். கொள்ளிடம் முகத்துவாரம் பக்கம் ஒரு சின்ன ஃபைபர் போட் வச்சிருக்கேன், 9.9 எச்.பி. அவுட்போர்டு (போட்டுக்கு பின்னாடி மாட்டுற எஞ்சின்), டூ ஸ்ட்ரோக், பெட்ரோல் லிட்டருக்கு 20 மில்லி ஆயில் கலந்து ஊத்தணும். செலவு பெருசில்லைங்க, பிரச்சினையே ஆகாயத்தாமரைதான். மேட்டூர்ல தண்ணி திறந்து முக்கொம்பு மேலணையில கொள்ளிடம் பக்கம் திருப்பிவிட்டா போதும், அது மொத்தமும் இங்க வந்து சேருது. போன மழையில நடு ஆத்துல வேர் போய் புரொப்பல்லர்ல சுத்திக்கிட்டு, எஞ்சின குளுப்பாட்டி பின்னாடி பீச்சுற தண்ணி நின்னுபோச்சு, கவனிக்காம இன்னும் ரெண்டு நிமிஷம் ஓட்டியிருந்தா சூட்டுல எஞ்சினே போயிருக்கும். ஆஃப் பண்ணி எஞ்சின மேல தூக்கி வச்சு கத்தியால அறுத்து எடுக்கறதுக்குள்ள வெள்ளம் இழுத்து மணல்திட்டுல ஏத்திடுச்சு. தள்ளி இறக்கி ஸ்டார்ட் பண்ணா எஞ்சின் சுத்துது போட் நகரல, பாத்தா புரொப்பல்லர தண்டோட பிடிச்சிருக்கற சின்ன ஆணி, ஷியர் பின், கட். கியர காப்பாத்தத்தான் அது உடையுதுன்னு தெரியும், ஆனா ஸ்பேர் வீட்ல இருந்துச்சு (என் புத்தி அப்படி). துடுப்புதான் கரைக்கு கொண்டாந்துச்சு.

2021 உள்நாட்டுக் கப்பல் சட்டம் வந்தப்புறம் மோட்டார் போட்டுக்கு பதிவு, சர்டிபிகேட்டுன்னு பேச்சு நடக்குது, நல்லதுதான். அதோட ஐப்பசிக்கு முன்னாடி தாமரைய அள்ளி, திட்டு இருக்கற எடத்துல அடையாளத்துக்கு நாலு கம்பமும் நட்டு வைக்க அதிகாரிங்ககிட்ட சொல்லுங்க ஐயா.

- ஒரு போட்காரன், மயிலாடுதுறை மாவட்டம்