கிளாக் இப்போதைக்கு வேண்டாம், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. தம்பிக்குப் பரீட்சை முடிந்துவிட்டது. போனில் நான் எதையாவது ஆரம்பித்தால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். நீ கொடுத்த புது விலாசத்துக்கே அனுப்புகிறேன். கவரின் மேல் உன் பெயர் மட்டும்தான் இருக்கும். உன் கையிலேயே வந்து சேரட்டும்.

நீ அனுப்பிய பணம் வந்துவிட்டது. "எலக்ட்ரானிக் கிளாக் வாங்கிக்கோங்கப்பா, இந்த வயசுல மாடியில வெயில்ல நிக்க வேணாம்" என்று மெசேஜ் போட்டிருந்தாய். புறாப் பந்தயக் கிளப்பில் காட்டினேன். பெல்ஜியத்திலிருந்து பெண் அனுப்பியிருக்கிறாள் என்றதும் எல்லோரும் கைகொடுத்தார்கள். எனக்குப் பெருமைதான். ஆனால் வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கம் பிடிக்கவில்லை. கேட்காமலே இவ்வளவு பணத்தை இப்போது ஏன் அனுப்பினாள் என்று அம்மா கேட்கிறாள். கிளாக்குக்குத்தான் என்கிறேன். அவள் நம்பவில்லை.

சரி, பந்தயப் புறா வந்து சேர்ந்த நேரத்தைப் பதிகிற அந்தக் கிளாக் விஷயத்துக்கே வருகிறேன். அதில் உனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. நம் வீட்டில் புறாவின் காலில் மாட்டிய ரப்பர் வளையத்தை உன்னைவிட வேகமாக உருவியவர் யாரும் கிடையாது. தாத்தாவே வாய்விட்டுச் சொன்னது அது. அவர் வாயிலிருந்து பாராட்டு வருவது எவ்வளவு அபூர்வம் என்று உனக்குத் தெரியும். புறா கூண்டுக்குள் நுழைந்ததும் பிடித்து, வளையத்தை உருவி, திம்பிள் என்கிற சின்னக் குப்பியில் போட்டு, கிளாக்கின் துளையில் இறக்கி அடிப்பதற்குள் தம்பிக்கு அரை நிமிடம் போய்விடும். சில நேரம் பதற்றத்தில் திம்பிளையே கீழே போட்டுவிடுவான். நீ பள்ளிக்கூட யூனிபார்மோடு நின்று அடித்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவாய். அந்தக் கை இப்போது எங்கோ கம்ப்யூட்டர் தட்டுகிறது. நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் பழகிப்பழகி வந்த லாவகத்தை ஒரேயடியாக விட்டுவிட்டாயே என்று எனக்கு வருத்தம் உண்டு. போன சீசனில் எந்தப் புறா முதலில் வந்தது என்று நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வேகத்தை மட்டும் பார்த்தால் எலக்ட்ரானிக்தான் ஜெயிக்கும். அதை நான் மறுக்கவில்லை. காலில் சிப் வைத்த வளையம், நுழைகிற பலகையில் ஆன்டெனா. புறா அதைத் தாண்டும்போதே நேரம் பதிவாகிவிடும். பிடிக்கவும் வேண்டாம், உருவவும் வேண்டாம். நான்கைந்து புறா சேர்ந்து விழுந்தால் நாம் ஒவ்வொன்றாகத்தானே அடிக்க முடியும். கடைசியாகக் கைக்கு வந்த புறா, தான் செய்யாத தாமதத்தைச் சுமக்கும். எலக்ட்ரானிக்கில் அந்த அநியாயம் கிடையாது. களைத்து வந்த ஜீவனைத் துரத்திப் பிடிக்கவும் வேண்டியதில்லை. அது தண்ணீர் குடித்து மூச்சு வாங்கின பிறகு நிதானமாக எடுத்து, மார்பெலும்பைத் தடவி, இறக்கையை விரித்துப் பார்த்துக்கொள்ளலாம். இது பெரிய விஷயம். இதற்காகவே ஒரு நாள் எல்லோரும் எலக்ட்ரானிக்குக்கு மாறுவார்கள், மாறவும் வேண்டும்.

ஆனால் எந்தப் பந்தயத்துக்கு என்று ஒரு கேள்வி இருக்கிறது. விஜயவாடாவிலிருந்து நம் மாடிக்கு வான்வழியில் ஏறக்குறைய 375 கிலோமீட்டர். 5 மணி நேரத்தில் வந்தால் நிமிடத்துக்கு 1,250 மீட்டர், அந்த வேகத்தை வைத்துத்தானே இடம். வளையம் சிக்கி ஒரு நிமிடம் போனால் அது 1,246 மீட்டராகிவிடும். அந்த 4 மீட்டருக்குள் எத்தனை புறா நுழைந்துவிடும் என்று உனக்கே தெரியும். ஓங்கோல் இன்னும் கிட்டம், 270 கிலோமீட்டர் சுமார். அங்கே நொடிகூடப் பேசும். நாக்பூர் அப்படியா? 900 கிலோமீட்டர். பெரும்பாலும் மறுநாள்தான் வரும். நடுவில் இருட்டு நேரத்தைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுகிறோம். முதல் புறாவுக்கும் அடுத்த புறாவுக்கும் மணிக்கணக்கில் இடைவெளி இருக்கும். அங்கே அரை நிமிடத்தை மிச்சம் பிடித்து என்ன செய்யப் போகிறேன்? எனக்கு ஆசை முழுவதும் நாக்பூர்தான். நம் ஒத்தைக்கண்ணன் புறாவின் வம்சம் அதற்குத்தான் லாயக்கு, ஓங்கோலுக்கு இல்லை. தூரம் ஏற ஏறத்தான் அந்த ரத்தம் தெரியும்.

வெயிலில் நிற்க வேண்டாம் என்கிறாயே, அதுவும் நடக்காது. புறா வந்து பக்கத்து வீட்டுத் தண்ணீர் டேங்க்மேல் உட்கார்ந்துகொண்டால் மெஷின் அதைக் கூப்பிடுமா? நான்தான் தீனி டப்பாவைக் குலுக்க வேண்டும். வழக்கம்போல இந்தக் குளிர்காலத்திலும் புறாவை அடிக்கிற பைரி வந்துவிட்டது. போன வாரம் சூலூர்பேட்டையிலிருந்து பழக்கிய இளசுகளில் ஒன்றைத் தண்டவாளத்துக்கு மேலேயே அடித்துவிட்டது. வானத்தைப் பார்க்க ஆள் வேண்டும், பாப்பா. கிளாக் எதுவாக இருந்தாலும் மாடியில் ஆள் வேண்டும்.

போனில் நீ டிராம் சத்தத்துக்கு நடுவில் பேசினாய். வீடு மாறிவிட்டேன் என்று சாதாரணமாகச் சொன்னாய். அங்கிருந்து மாப்பிள்ளையின் ஆபீஸுக்குத் தூரமாக இருக்காதா என்று கேட்டேன். லைன் கட்டாகிவிட்டது. அப்புறம் நீ கூப்பிட்டபோது அம்மாவிடம் மட்டும் பேசினாய். தீபாவளிக்கு அவர் லைனில் வரவில்லை, வேலை அதிகம் என்றாய். இருக்கும். அங்கே வேலை அதிகம்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை.

பணத்தை மட்டும் உன் பெயரில் வைத்துக்கொள். சேர்ந்து வைத்த கணக்கு ஒன்று இருந்தால் இருக்கட்டும், உன் பெயருக்கென்று தனியாக ஒன்று வேண்டும். உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, நீயே அங்கே நாலு பேருக்குச் சொல்கிறவள். இருந்தாலும் சொல்கிறேன்.

கிளப் விஷயம் ஒன்று உண்டு. நான் ஒருவன் எலக்ட்ரானிக் வாங்கினால் ஆகாது. பாஸ்கெட்டிங் அன்று, அதாவது பந்தயத்துக்குப் புறாக்களைக் கூடையில் ஏற்றுகிற அன்று, கிளப்பிலும் ஒரு ஆன்டெனா வேண்டும். ஒவ்வொரு புறாவின் சிப்பையும் அங்கே படித்துப் பந்தயத்தில் சேர்த்தால்தான் வீட்டு மெஷினில் விழுகிற நேரம் செல்லும். இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் எதையாவது காட்டலாமே. அந்தச் செலவைக் கிளப் தாங்காது. நம் வியாசர்பாடிப் பையன்களைப் பார். ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் பலகை அடித்து வளர்க்கிறார்கள். சோளமும் பட்டாணியும் விற்கிற விலையில் தீனிக்கே கையைப் பிசைகிறார்கள். கிளாக்கையே இரண்டு பேர் மூன்று பேர் சேர்ந்து பங்கு போட்டுக்கொள்கிறார்கள். உன் ஊரில் 2020ல் நியூ கிம் என்ற பெட்டைப் புறா 16 லட்சம் யூரோவுக்கு ஏலம் போனது. அந்த ஊருக்கு எலக்ட்ரானிக் சரி. இங்கே மூத்த ஆள் நான் அதை மாட்டிக்கொண்டு நின்றால், திறமையான பையன்கள் இரண்டு பேர் அடுத்த சீசன் பெயர் கொடுக்க மாட்டார்கள். வெளியே சொல்லவும் மாட்டார்கள், ஒதுங்கிவிடுவார்கள். பணம் சேர்த்துக் கிளப்புக்கே பொதுவாக ஒன்று வாங்குவோம், சின்னத் தூரப் பந்தயத்துக்கு முதலில் வைத்துப் பார்ப்போம் என்று கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன். பாதிப் பேர் தலையாட்டினார்கள். நேரம் பிடிக்கும்.

தாத்தாவின் டூலே கிளாக் இன்னும் ஓடுகிறது. அது பிரஸ்ஸல்ஸில் செய்தது, நீ இருக்கிற கென்ட்டிலிருந்து ரயிலில் அரை மணிதான். போய்ப் பார் என்று எத்தனை தடவை சொன்னேன், நீ போகவில்லை. ஜார்ஜ் டவுனில் அதைத் திறக்கத் தெரிந்த பெரியவர் எண்ணெய் போட்டுக் கொடுத்தார். நாளுக்கு 6 நொடி முந்துகிறது. அதனால் என்ன? கிளப்பில் எல்லாக் கிளாக்கையும் மாஸ்டர் கிளாக்கோடு சேர்த்து அடித்து சீல் வைக்கிறோம். பந்தயம் முடிந்து எல்லோர் முன்னாலும் உடைத்து மறுபடி அடிக்கிறோம். 24 மணி நேரத்தில் 6 நொடி முந்தியிருந்தால், 12 மணி நேரத்தில் அடித்த புறாவுக்கு 3 நொடி சரிக்கட்டுகிறோம். காகிதச் சுருளில் அச்சான நேரத்தை யாரும் மாற்ற முடியாது. எவ்வளவு முந்துகிறது என்று எல்லோருக்கும் தெரிந்தால் சண்டை கிடையாது. மறைத்தால்தான் வம்பு.

ஸ்பெயினின் பார்சிலோனாவிலிருந்து உன் ஊருக்குப் புறா விடுகிற பந்தயம் ஜூலை மாதம் நடக்கும், 1,000 கிலோமீட்டருக்கு மேல். புறாக்களை விட்ட செய்தியை ரேடியோவில் கேட்டுவந்த ஊர் அது. போன வருஷம் அதைப் பார்த்து எழுது என்றேன். எழுதுகிறேன் என்றாய். பரவாயில்லை, உனக்கு எவ்வளவோ இருக்கும்.

அம்மா உனக்குப் பருப்புப்பொடி இடித்து வைத்திருக்கிறாள். யார் வருகிறார்களோ அவர்களிடம் கொடுத்தனுப்புவோம். இரண்டு டப்பாவா ஒரு டப்பாவா என்று கேட்கிறாள். என்ன சொல்ல என்று எனக்குத் தெரியவில்லை. நீயே அவளிடம் சொல்லிவிடு. உன் அறையில் கிடந்த தீனி மூட்டைகளை மாடிப்படிக்கு அடியில் மாற்றிவிட்டேன். ஜன்னலுக்கு வலை அடித்தாகிவிட்டது. பேனும் போட்டாகிவிட்டது.

அத்தையை நீ பார்த்து வளர்ந்தவள். எத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாமல் இருந்தாள், கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன்" என்பாள். அவள் பெட்டியோடு வந்து நின்ற ராத்திரி தாத்தா செய்ததை நான் ஒருநாளும் சரி என்று சொன்னதில்லை. நான் தாத்தா இல்லை, பாப்பா. அவர் கிளாக்கை வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். அம்மாவுக்கு ஊர் என்ன சொல்லும் என்ற பயம் கொஞ்சம் இருக்கும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பணத்தைப் பற்றி முடித்துவிடுகிறேன். அதில் ஒரு ரூபாயும் எடுக்கவில்லை. நீ முதல் வேலைக்குச் சேர்ந்தபோது நம் தெருமுனை வங்கியில் திறந்தோமே, அந்தக் கணக்கில் அப்படியே போட்டுவிட்டேன். அதில் உன் பெயர் மட்டும்தான் இருக்கிறது, பாஸ்புக்கைப் பார்த்துவிட்டேன். கிளாக் வாங்காததற்குக் கோபப்படாதே. பணம் எங்கேயும் போகாது, உனக்கு எப்போது வேண்டுமோ அப்போது எடுத்துக்கொள். வேண்டாவிட்டால் இருக்கட்டும். ஆனால் உன் பெயரிலேயே இருக்கட்டும்.

பொங்கல் முடிந்ததும் பந்தயம் ஆரம்பம். அது வரைக்கும் நெல்லூர்ப் பக்கம் பழக்கப் போய்க்கொண்டிருப்போம். பந்தய நாளில் அப்பாவைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று நீ கூப்பிட மாட்டாய், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் பழக்கினேன். இனிமேல் அது வேண்டாம். எந்த நேரமாக இருந்தாலும் கூப்பிடு. புறா தலைக்கு மேல் வந்துகொண்டிருந்தாலும் கூப்பிடு. கிளாக்கைத் தம்பி அடிப்பான்.

அன்புடன்,
அப்பா