மருந்து விலையும் மக்கள் பணமும்

ஆசிரியருக்கு,

காசநோய் மருந்துகளின் விலையும் காப்புரிமையும் குறித்த தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். புதிய மருந்துக்குக் காப்புரிமை தேவைதான். சிறு மாற்றங்களைக் காட்டி அதை நீட்டிக்க முயல்வது நோயாளிகளுக்கு இழைக்கும் அநீதி. 2012இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற காசநோய் மாத்திரையான பெடாகுயிலின், பொது நிதியின் துணையோடும் உருவான மருந்து. அதே மருந்தின் வேதி வடிவில் சிறு மாற்றமான உப்பு வடிவத்துக்கு ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் கோரிய கூடுதல் காப்புரிமையை நமது காப்புரிமை அலுவலகம் 2023 மார்ச்சில் நிராகரித்தது. எதிர்த்து மனு செய்த இருவர், காசநோயிலிருந்து மீண்டாலும் செவித்திறனை இழந்த பெண்கள்.

அந்த இழப்பை நான் அறிவேன். வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாத பன்மருந்து எதிர்ப்புக் காசநோய்க்காக என் அண்ணன் மாதக்கணக்கில் தினமும் கனமைசின் ஊசி போட்டுக்கொண்டார். நோய் போனது, ஊசியின் பக்கவிளைவால் காதும் போனது. இன்றும் அவரிடம் எதையேனும் சொல்ல வேண்டுமென்றால் அண்ணி சிலேட்டில்தான் எழுதிக் காட்டுகிறார். பெடாகுயிலின் போன்ற ஊசியில்லாத மாத்திரை அன்றே எளிதில் கிடைத்திருக்க வேண்டாமா?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் போன்ற அரசு அமைப்புகள் மருந்து ஆய்வுக்கு நிதி தரும்போதே, விலை உச்சவரம்பையும் பிற நிறுவனங்களுக்கு உற்பத்தி உரிமம் தருவதையும் ஒப்பந்தத்தில் நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும்.