கையேடு சீட்டுக்கு அடியில் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மோட்டார் சைக்கிளின் முன் பிரேக்கில், ஆயில் போகும் ரப்பர் ஹோஸை எடுத்துவிட்டு ஸ்டீல் பின்னல் லைன் போடுவது பற்றி உங்கள் வாகனப் பகுதியில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் பிரமாதம். ஆனால், லைனை மாற்றினாலே வண்டி நிற்கும் தூரம் பாதியாகிவிடும் என்று எழுதியிருந்ததை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. தொழிற்சாலையில் ஹைட்ராலிக் பிரஸ்களைப் பராமரித்தே தலை நரைத்தவன் நான். போன மாதம்தான் என் வண்டிக்கும் அந்த லைனைப் போட்டேன்.

வண்டிக்கு 11 வயது. பிரேக் பேட் பலமுறை மாற்றியிருக்கிறேன், டிஸ்க் ஒருமுறை. ஹோஸ் மட்டும் வண்டியோடு வந்தது. வேலை பார்த்த இடத்தில் ஹோஸில் தேதியைப் பார்த்து, கசியாவிட்டாலும் கழற்றிப் போடச் சொல்லி எல்லோரையும் விரட்டியவன், சொந்த வண்டியில் ஒருநாளும் குனிந்து பார்க்கவில்லை. மகள் ஓட்டிவிட்டு வந்து, "அப்பா, லீவர் ஹேண்டில் வரைக்கும் வருது" என்ற பிறகுதான் பார்த்தேன். அவளை லீவரை அழுத்தி அழுத்தி விடச் சொல்லிவிட்டு, நாடி பார்ப்பதுபோல ஹோஸை இரண்டு விரலால் பிடித்தேன். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ரப்பர் புடைத்துப் புடைத்து அடங்கியது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கை ஒட்டி வளையும் இடத்தில் வரிவரியாக வெடிப்பு.

விஷயம் இவ்வளவுதான். லீவரைப் பிடிக்கும்போது தள்ளப்படுகிற ஆயிலில் ஒரு பங்கு, டிஸ்க்கில் பேடை அழுத்தும் காலிப்பருக்குப் போகாமல் ஹோஸை ஊதுவதிலேயே போய்விடுகிறது. ஸ்டீல் லைனில் உள்ளே டெஃப்ளான் குழாய், அதைச் சுற்றி இறுக்கமான பின்னல். அது அவ்வளவாக ஊதாது. அதனால் லீவர் கல் மாதிரி நிற்கும், எவ்வளவு பிடிக்கிறோம் என்பது விரலுக்குத் தெரியும். நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் பேடும் காலிப்பரும் அதேதான். வண்டியைக் கடைசியில் நிறுத்துவது டயருக்கும் தரைக்கும் உள்ள பிடிப்பு. லைன் மாற்றி அதைக் கூட்ட முடியாது.

இன்னொன்று. எனக்குக் கிடைத்த பலனில் பாதி, புது ஆயிலால் வந்தது என்றே நினைக்கிறேன். பழைய ஆயில் சேற்றுத் தண்ணீர் நிறத்தில் வெளியே வந்தது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டாட் 4 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அதே விதி 155 டிகிரி வரைதான் கேட்கிறது. நீண்ட இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தால் ஆயில் கொதித்து ஆவிக் குமிழ் உண்டாகும், லீவர் வெறுமனே உள்ளே போகும். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

"வீட்டிலேயே எளிதாகச் செய்யலாம்" என்ற வரிக்கு வருகிறேன். ஹோஸின் முனையை மாட்டும் பேன்ஜோ போல்ட்டில், அந்த முனைக்கு இருபக்கமும் ஒவ்வொரு செப்பு வாஷர்: மேலே இரண்டு, கீழே இரண்டு. எல்லாம் புதிதாக இருக்க வேண்டும். எனக்கு அதில் ஒன்று கைதவறி உருண்டு எங்கோ போய்விட்டது. இருட்டிவிட்டதே என்று பழைய வாஷரையே போட்டு முறுக்கினேன். ஏற்கெனவே நசுங்கி இறுகிய செம்பு இன்னொரு முறை சரியாகப் படியாது என்று எத்தனை பேருக்கு நானே பாடம் எடுத்திருப்பேன்! காலையில், லீவரோடு சேர்ந்து ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குக் கீழே ஒரு சொட்டு திரண்டு நின்றது. முந்தைய சொட்டு டேங்க்கில் விழுந்து, நாணயம் அளவுக்குப் பெயிண்டைக் கொப்பளிக்க வைத்திருந்தது. விழுந்த உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தால் தப்பித்திருக்கும்.

அப்புறம் ஏர் எடுக்கும் வேலை. புது லைன் முழுக்கக் காற்று. காலிப்பரில் காற்றை வெளியே விடும் நிப்பிளில் தெளிவான ட்யூப் மாட்டி, அழுத்திப் பிடி, திற, மூடு, விடு என்று ஒரு மணி நேரம் ஆகியும் லீவர் தொளதொளவென்றே இருந்தது. கடைசியில் பழைய சைக்கிள் ட்யூப் துண்டால் லீவரை ஹேண்டிலோடு இறுக்கிக் கட்டி இரவு முழுக்க விட்டேன். மீதிக் குமிழ்கள் மேலே ஏறிவிட்டன போலும், காலையில் அவிழ்த்ததும் லீவர் நின்றது. இது ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இல்லாத வண்டி. ஏபிஎஸ் இருந்தால் லைன் அதன் யூனிட் வழியாகச் சுற்றிப் போகும். உள்ளே காற்று மாட்டினால் சில வண்டிகளில் சர்வீஸ் கருவியை இணைத்து பம்ப்பை ஓடவிட்டால்தான் வெளியேறும். அதில் கைவைக்க எனக்கே துணிச்சல் இல்லை.

ஸ்டீல் பின்னல் உரசும் இடத்தை அரம் போல ராவும் என்பதையும் சொல்லியிருக்கலாம். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்க்க வேண்டும், முன்சக்கரத்தைத் தூக்கி ஃபோர்க் நீண்ட நிலையிலும் பார்க்க வேண்டும்.

அடுத்த முறை இப்படி எழுதும்போது, பழைய ஹோஸைக் கொஞ்சம் வளைத்து வெடிப்பு பார்க்கச் சொல்லித் தொடங்குங்கள். கம்பெனி ரப்பர் ஹோஸையே புதிதாகப் போட்டு ஆயிலை மாற்றினாலும் பெரும்பாலானவர்களுக்குப் போதும். பல வண்டிகளின் கையேட்டில் ஆயிலை 2 ஆண்டுக்கு ஒருமுறை, ஹோஸை 4 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லியிருக்கிறது. என் வண்டியின் கையேட்டிலும் இருக்கிறது. சீட்டுக்கு அடியில், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடந்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹைட்ராலிக் ஃபிட்டர் ஒருவர்