ஏரி வற்றினால் வீடு யாருக்கு?

அன்பு மாப்ளைக்கு,

உன் கடிதம் போன வாரம் வந்தது. வீடு மாறும்போது அந்தப் பழைய பகடைப் பை கிடைத்தது என்று எழுதியிருந்தாய். படித்ததும் என் முதல் கவலை, அந்த நீல நிற இருபது முகப் பகடை இன்னும் அதில் இருக்கிறதா என்பதுதான். நீ உருட்டினாலும் ஒன்றுதான் விழும், நான் உருட்டினாலும் ஒன்றுதான். இருந்தால் தயவுசெய்து தனியாக எடுத்து வை, மற்றதுக்கும் தொற்றிவிடும். முழங்கால் வலி குறைந்தது என்று அறிந்ததில் நிம்மதி. படி ஏறி இறங்க வேண்டாத வீடாகப் பார்த்தது நல்ல முடிவு. நான் இனி எழுதப்போவது முழுக்கப் படிக்கட்டு விவகாரம், பொறுத்துக்கொள்.

மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டிக் கதை நகர்த்துவோமே, அந்தக் கேமை இன்னும் கேம் மாஸ்டராக உட்கார்ந்து நடத்துகிறாயா என்று கேட்டாய். நடத்துகிறேன். நான்கு பேர், ஞாயிறு மாலை. யாரோ அச்சடித்து விற்ற உலகத்திலேயே எத்தனை நாள் சுற்றுவது, இந்த முறை சொந்தமாக ஒன்று செய்வோம் என்று துணிந்தேன். முதல் மூன்று மாதம் வீண். வழக்கமான ஆசைதான்: மூன்று அரச வம்சம், இரண்டு பெரும் போர், கடவுள்களுக்குள் ஒரு பாகப்பிரிவினை, மொத்தம் அறுபது பக்கம். முதல் நாள் ஆட்டம். நான்கு பேரும் படகில் வந்து கரையில் இறங்குகிறார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு வம்சாவளியைத் தொடங்கப் போகிறேன், ஒருத்தி கேட்டாள்: “இந்தப் படகுக்காரர் ராத்திரி படகை எங்கே கட்டுவார்?”

எனக்குத் தெரியவில்லை. அறுபது பக்கத்தில் ஓர் அரசனின் தாய்மாமன் பெயர்வரை இருக்கிறது, படகு கட்டும் இடம் இல்லை. ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவர்கள் அன்று ராத்திரி அந்தப் படகைத் திருடிக்கொண்டு போய்விட்டார்கள். வம்சாவளி இன்றுவரை யார் காதிலும் விழவில்லை.

அப்புறம் கொஞ்சம் நிதானமாக யோசித்தேன். இதே வகை ஆட்டமான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-ல் வந்தபோது ஒரு பெட்டிக்குள் மூன்று சின்னப் புத்தகங்கள்தான். உலகம் என்று தனியாக எதுவும் கொடுக்கவில்லை. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் தன் கிரேஹாக் உலகத்தை நடத்தியபோதும், ஒரு கோட்டை, அதன் அடியில் நிலவறை, அதுதான் முதலில். பக்கத்து ஊர் பிறகு. நாடு, கண்டம் எல்லாம் அதற்கும் பிறகு. ஆட்டக்காரர்களின் கால் போன இடத்துக்குத் தரை போட்டுக்கொண்டே போயிருக்கிறார்கள். மொழி, இலக்கணம், பஞ்சாங்கம் எல்லாம் செய்து முடித்துவிட்டுத்தான் கதவைத் திறப்பேன் என்று உட்கார்ந்து ஜெயித்தவர்களும் உண்டு, மறுக்கவில்லை. எனக்கு அந்தப் பொறுமையும் இல்லை, ஆயுசும் இல்லை.

எனக்குப் பிடித்த உலகங்களை எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே ஒரு விதி முதுகெலும்பாக இருக்கிறது. 1977-ல் வந்த விண்வெளி ஆட்டம் டிராவலரை எடுத்துக்கொள். ஒரு கப்பல் அடுத்த நட்சத்திரத்துக்குத் தாவ ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும், கப்பலைவிட வேகமாகச் செய்தி போக வழியே கிடையாது. இவ்வளவுதான் விதி. ஆனால் தலைநகரத்துக்குச் சேதி போய்ப் பதில் வருவதற்குள் எல்லையில் எல்லாம் நடந்து முடிந்திருக்கும். அதனால் எல்லையில் இருக்கும் பிரபு தன் இஷ்டத்துக்கு ஆள வேண்டியிருக்கிறது, தபால் கப்பலுக்கு மவுசு கூடுகிறது, வியாபாரி பழைய விலையை நம்பிச் சரக்கு ஏற்றி ஏமாறுகிறான். 1991-ல் வந்த டார்க் சன் என்ற பாலைவன உலகமும் அப்படித்தான். அந்த உலகில் உலோகம் அரிது. உடனே ஆயுதம் எலும்பாகிறது, காசு சுட்ட மண்ணாகிறது. யாரும் சரித்திரம் ஒப்பிக்க வேண்டாம், கையில் இருக்கும் கத்தியே சொல்லிவிடும்.

சரி, என் விதிக்கு வருகிறேன். ஒரு பெரிய ஏரி. அறுபது ஆண்டுக்கு ஒரு முறை, ஒரே ஒரு கோடையில், அடிவரை வற்றும். அடியில் ஓர் ஊர் இருக்கிறது. கோடை முடிந்தால் தண்ணீர் திரும்பிவிடும். ஊர் எப்போது, ஏன் மூழ்கியது என்று நான் முடிவு செய்யவில்லை. வேண்டுமென்றேதான். கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

கரையிலிருந்து ஊருக்குள் இறங்கும் படித்துறையில் 72 படிகள். ஒவ்வொரு ஞாயிறும் ஆட்டம் முடிந்ததும் இரண்டு பகடை உருட்டுவேன். விழுந்த தொகைக்கு அத்தனை படி வெளியே தெரியும். சராசரி ஏழு, ஆகப் பத்து ஆட்டத்தில் கடைசிப் படி. மேல் தெருக்கள் முதலில், கீழே போகப் போகப் பழைய வீடுகள். நிலவறையில் அடுக்கடுக்காக இறங்குவோமே, அதே சங்கதிதான், கதவைத் திறப்பது மட்டும் தண்ணீர். போன மாதம் ஒரு நாள் இரண்டு பகடையிலும் ஒன்று விழுந்தது. அவர்கள் குறிவைத்த வீட்டின் கூரை ஓடுகள் மட்டும் தெரிய, வாசல் தண்ணீருக்குள்ளேயே நின்றது. ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. பகடைக்கு நான் என்ன செய்வேன்?

விதி கிடைத்ததும் ஊரை நிரப்ப வேண்டும். அங்கேதான் நமக்குத் திணை கைகொடுத்தது. பள்ளிக்கூடத்தில் மார்க்குக்காக உருப்போட்டோமே, முதல், கரு, உரி. தொல்காப்பியம் கருப்பொருள் என்று எட்டைப் பெயர் சொல்லி எண்ணுகிறது: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். பிறவும் உண்டு என்று முடிக்கிறது. ஆட்டத்துக்கு ஓர் உலகம் அமைக்க இதைவிட நல்ல படிவம் இன்னொன்று எனக்குத் தெரியாது. நிலமும் பொழுதும் முதலில் முடிவாகிவிடும், பிறகு அந்த நிலத்தில் என்ன பறக்கும், எதை அடித்து ஒலி எழுப்புவார்கள் என்று கேட்டுக்கொண்டே போகலாம். பறை என்ற கட்டத்தில் நான் அரை மணி நேரம் நின்றேன். வற்றும் ஏரிக்கரையில் எதற்கு முரசு? தண்ணீர் திரும்பும்போது உள்ளே இருப்பவர்களைக் கூப்பிட. அடித்துக்கொண்டே இருக்க வேண்டும், நின்றால் உள்ளே இருப்பவர் போனார் என்று அர்த்தம். விலங்குக்கு நிஜ உலகத்திலேயே ஆள் இருந்தது. ஆப்பிரிக்க நுரையீரல் மீன் வறட்சியில் சேற்றுக்குள் புதைந்து ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதை வீட்டுக் கூடம் கொள்ளும் அளவுக்குப் பெரிதாக்கினேன். சண்டைக்கு வராது. தூக்கத்தில் புரளும், அவ்வளவுதான், சுவர் இருக்காது.

உரிப்பொருள் மட்டும் பிடிபடவில்லை. இந்த இடத்துக்கு உரிய உணர்வு என்ன? அதை நான் கண்டுபிடிக்கவில்லை, படகு எங்கே என்று கேட்டாளே, அவளேதான் கண்டுபிடித்தாள். மூழ்கிய வீடு யாருக்குச் சொந்தம் என்று கேட்டார்கள். கதவைத் திறப்பதற்கு முன்னால், உள்ளே இருக்கும் மூன்று விஷயத்தைச் சாட்சிகள் முன் சரியாகச் சொல்பவருக்கு என்று அந்த நேரத்துக்கு அடித்துவிட்டேன். “அப்போ அறுபது வருஷத்துக்கு முன்னாடி பார்த்தவங்க செத்துப்போயிருந்தா?” என்றாள். நான் முழித்தேன். பக்கத்தில் இருந்தவன், “யாருக்காவது சொல்லிட்டுப் போயிருப்பாங்க” என்றான்.

அங்கே பிறந்ததுதான் வாசல்சொல்லி. பார்த்த கிழவியிடமிருந்து வீட்டைப் பாட்டாக மனப்பாடம் செய்துகொண்டவர்கள். இடப்பக்கம் ஜன்னல், மூன்றாம் படி உடைசல், அடுப்படிச் சுவரில் ஒரு குழந்தையின் கரிக்கை. பார்த்தே இராத வீட்டைத் தன் வீடு என்று நம்பி வளர்ந்தவர்கள். பொய்ப் பாட்டு கட்டி விற்பவர்களும் தானாக முளைத்தார்கள். ஒருத்தன் தன் கேரக்டரையே வாசல்சொல்லி ஆக்கிக்கொண்டான், பாட்டில் ஒரு வரி மட்டும் மறந்துபோனவன். அந்த வரியில் என்ன இருந்தது என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. என் அறுபது பக்கத்தில் இதற்கு ஈடாக ஒரு பத்தி கிடையாது, மாப்ள. எழுதிய எனக்கே சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

மேப் கதை சின்னது. அறுகோணக் கட்டம் போட்டேன், கட்டத்துக்கு 6 மைல், ஒரு நாள் நடை 24 மைல், ஆக நாளுக்கு நாலு கட்டம். கணக்கெல்லாம் சரி. ஆனால் ஏரி மொத்தமும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிட்டது. கிழித்துப் போட்டுவிட்டுத் தெருக்களை வரைந்தேன்.

ஆட்டக்காரர்களுக்கு எதிர்ப்படுவது எது என்று பகடை உருட்டிப் பார்க்கும் டேபிளை மட்டும் பார்த்துப் பார்த்துச் செய்தேன். இரண்டு ஆறுமுகப் பகடை உருட்டினால் 36-ல் ஆறு முறை ஏழு விழும், இரண்டோ பன்னிரண்டோ ஒவ்வொரு முறைதான். எனவே அந்த ஊரில் தினமும் நடப்பது ஏழில் இருக்க வேண்டும். என் ஏழில் ஒரே வாசலுக்கு இரண்டு குடும்பம் கயிறு கட்டிக்கொண்டு சண்டை போடுகிறது. ஆறும் எட்டும் சேறு, காலை விடாது. இரண்டில் மீன் புரள்கிறது. பன்னிரண்டில், உள்ளே விளக்கு எரியும் வீடு. ஐந்து ஆட்டம் முடிந்தும் பன்னிரண்டு விழவில்லை. விழுந்தால் அந்த வீட்டில் யார் என்று சொல்ல என்னிடமும் பதில் இல்லை, அதனால் பகடை உருளும் ஒவ்வொரு தடவையும் எனக்கும் வயிற்றைக் கலக்குகிறது. கேம் மாஸ்டராக உட்கார்ந்து இத்தனை வருஷத்தில் இது புதுசு.

பெயர்களுக்கு அதிகம் மெனக்கெடவில்லை. வாயில் நுழையாத பெயர் வைத்தால் இரண்டாவது வாரமே “அந்த மொட்டைக்காரர்” ஆகிவிடுகிறார்.

இதுவரை 38 படி தெரிகிறது. நாற்பதாம் படிக்குக் கீழே உள்ள தெருவில் ஒரு வீட்டைக் காலியாக விட்டிருக்கிறேன். அது உனக்கு. நீ குடியிருந்த ஏதோ ஒரு வீட்டை நினைத்துக்கொண்டு, கதவைத் திறந்ததும் உள்ளே இருக்கும் மூன்று விஷயத்தை ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி அனுப்பு. பெரிய புதையல் எல்லாம் வேண்டாம், உடைந்த படி மாதிரி ஏதாவது. நான் பிரிக்கமாட்டேன். அவர்கள் அந்த வாசலில் போய் நிற்கும் ஞாயிற்றுக்கிழமை, மேஜையில் வைத்து அவர்கள் கையாலேயே பிரிக்கச் சொல்கிறேன். தபால் சீக்கிரம் போடு, இந்த வாரம் பெரிதாக விழுந்துவிட்டால் தெரு வெளியே வந்துவிடும்.

அன்புடன்,
உன் பழைய கேம் மாஸ்டர்

பி.கு: அந்த நீலப் பகடையை மட்டும் உறைக்குள் போட்டுவிடாதே.