பாதுகாப்பு உத்தரவுகளைக் காரணத்தோடும் முடிவுத் தேதியோடும் தமிழிலும் வெளியிடக் கோரும் மனு

அனுப்புநர்:
எருத்தேன்பதி, வடகரப்பதி ஊராட்சிப் பகுதிகளைச் சேர்ந்த தமிழ் பேசும் பொதுமக்கள்,
சித்தூர் வட்டம், பாலக்காடு மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
பாலக்காடு.

பொருள்: போர்ப் பதற்றத்தின்போது விதிக்கப்படும் கட்டுப்பாடுகள் பதற்றம் தீர்ந்த பிறகும் தொடர்வதும், அவை எங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் மட்டும் இருப்பதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்ட செய்தி கேட்டு எங்கள் ஊர்களும் கலங்கின. மே 7 அன்று நாடெங்கும் நடந்த சிவில் பாதுகாப்பு ஒத்திகைக்கும், அதையடுத்து கேரள-தமிழ்நாடு எல்லைச் சாலைகளில் நடந்த வாகனச் சோதனைகளுக்கும் நாங்கள் முழு மனதோடு ஒத்துழைத்தோம். நாட்டின் பாதுகாப்பு எங்களுக்கும் வேண்டும். எங்கள் முறையீடு சோதனைகளுக்கு எதிரானது அன்று. அந்த நாட்களில் எங்கள் பகுதியில் நடந்தவற்றையும், அவை இன்னும் முடிவுக்கு வராததையும் பற்றியது.

ஊர் மக்கள் சார்பில் இம்மனுவை நான் எழுதுகிறேன். என் அண்ணன் மகன் சரக்கு ஆட்டோவில் பொள்ளாச்சிக்குத் தேங்காய் ஏற்றிச் செல்பவன். அந்த வாரத்தில் ஒரு நாள், சரக்கை இறக்கிவிட்டு விடியற்காலை ஐந்து மணிக்குத் திரும்பியவனை வழியில் நிறுத்தி, கைபேசியை வாங்கிப் பார்த்திருக்கிறார்கள். அதில் மூலத்தறை வலதுகரைக் கால்வாயின் மதகுகளைப் பல கோணங்களில் எடுத்த படங்கள் இருந்தன. கால்வாயை வேலந்தாவளம் வரை நீட்டித் தர வேண்டும் என்று நாங்கள் பல காலமாகக் கேட்டுவருகிறோம். அந்தக் கோரிக்கையோடு இணைப்பதற்காக எடுத்த படங்கள் அவை. போர்ச் சூழலில் நீர்நிலைக் கட்டுமானத்தைப் படமெடுத்தது ஏன் என்று கேட்டு அவனை ஒரு காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். கேட்டதில் தவறில்லை. ஆனால் அரை மணி நேரத்தில் விளங்கியிருக்க வேண்டிய ஒன்றுக்காக மறுநாள் காலை ஒன்பது மணி வரை, அதாவது 28 மணி நேரம் அவனை வெளியே விடவில்லை. வீட்டுக்குத் தகவல் சொல்லவில்லை. மாஜிஸ்திரேட் முன்பு நிறுத்தவுமில்லை. வேறொரு ஆட்டோக்காரர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. அவனுடைய தாயார் தூக்குப்போசியில் கஞ்சி எடுத்துக்கொண்டு போய், அது ஆறி ஏடு கட்டும் வரை அந்த நிலையத்தின் எதிரே இருந்த புளியமரத்தடியிலேயே நின்றார். விடும்போது மலையாளத்தில் எழுதிய ஒரு தாளில் அவனிடம் கையெழுத்து வாங்கினார்கள். பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவன் அவன். மலையாளம் பேசுவான், வாசிக்கத் தெரியாது. எதில் கையெழுத்திட்டோம் என்பது இன்றுவரை அவனுக்குத் தெரியாது. கைபேசிக்கு ரசீது தரவில்லை. அது மூன்று வாரம் கழித்தே கைக்கு வந்தது.

அதே நாட்களில் எங்கள் பால் சொசைட்டியின் சுவரில், ஐந்து பேருக்கு மேல் கூடக் கூடாது என்று மலையாளத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. காலையில் பால் ஊற்ற வரிசையில் நின்ற பெண்கள், ஓர் ஆசிரியர் வாசித்துச் சொன்ன பிறகு, அவசரமாகக் கலைந்து போனார்கள். அதில் முடியும் தேதி எழுதப்படவில்லை. எந்த அதிகாரியின் உத்தரவு என்பதும் தெளிவாக இல்லை. மே 10 அன்று இந்தியா-பாகிஸ்தான் சண்டை நிறுத்தம் வந்தது. மழையில் அந்தத் தாளின் எழுத்து வெளிறிப்போனது. ஆனாலும் ஆகஸ்டில் குடிநீர்க் கூட்டத்துக்கு அனுமதி கேட்டுப் போனபோது, "பாதுகாப்புச் சூழல்" என்ற ஒரே காரணத்தை வாய்மொழியாகச் சொல்லி எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163-ஆம் பிரிவின்படி (பழைய சட்டத்தின் 144) மாஜிஸ்திரேட் பிறப்பிக்கும் தடையுத்தரவு இரண்டு மாதத்துக்கு மேல் செல்லாது. அதற்கு மேல் நீட்டிக்க மாநில அரசு தனியே உத்தரவிட வேண்டும். அப்படி எந்த உத்தரவும் எங்கள் கண்ணில் பட்டதில்லை.

முடிவுத் தேதியை நாங்கள் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. 1962 அக்டோபர் 26 அன்று சீனப் போரையொட்டி அறிவிக்கப்பட்ட நெருக்கடி நிலை, போர் ஒரே மாதத்தில் ஓய்ந்த பிறகும் 1968 ஜனவரி வரை நீடித்தது. அதன் கீழ் இருந்த இந்தியப் பாதுகாப்பு விதிகளால், 1965-இல் கேரள மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த உறுப்பினர்களில் பலர் சிறையில் இருந்தார்கள். அந்தச் சட்டமன்றம் ஒரு நாள்கூடக் கூடாமல் கலைக்கப்பட்டது. 1971 டிசம்பர்ப் போர் பதின்மூன்று நாளில் முடிந்தது. அதற்காக அறிவித்த நெருக்கடி நிலை 1977 மார்ச் வரை விலக்கப்படவில்லை. அது நடப்பில் இருக்கும்போதே 1975 ஜூன் 25 அன்று இரண்டாவதும் அறிவிக்கப்பட்டது. அப்போது பாலக்காட்டின் மக்களவை உறுப்பினராக இருந்த ஏ.கே. கோபாலன் அதை எதிர்த்து நாடாளுமன்றத்தில் பேசினார். தடுப்புக்காவலை எதிர்த்து 1950-இல் உச்ச நீதிமன்றப் படியேறியவரும் அவர்தான். 1976 மார்ச்சில் கோழிக்கோட்டுப் பொறியியல் கல்லூரியிலிருந்து காவல் துறையினரால் பிடித்துச் செல்லப்பட்ட மாணவர் ராஜனின் உடல்கூட அவர் தந்தை ஈச்சர வாரியருக்குக் கிடைக்கவில்லை. எங்கள் பையன் மறுநாளே வீடு திரும்பினான். இரண்டையும் ஒன்றென்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் புளியமரத்தடியில் நின்ற அந்த இரவில் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ராஜனின் பெயரைத்தான் சொல்லி அஞ்சினார்கள்.

அந்தக் காலத்தின் பாடமாகவே 1978-இல் அரசமைப்புச் சட்டத்தின் 44-ஆம் திருத்தம் வந்தது. நெருக்கடி நிலையிலும் 20, 21-ஆம் பிரிவுகளின் உரிமைகளை (முறையற்ற தண்டனையிலிருந்து பாதுகாப்பு, உயிர், தனிமனிதச் சுதந்திரம்) நிறுத்திவைக்க முடியாது என்று அது உறுதி செய்தது. 2025-இல் நாட்டில் நெருக்கடி நிலைகூட அறிவிக்கப்படவில்லை. அப்படியிருக்க, பிடித்த 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்பு நிறுத்த வேண்டும் என்ற 22-ஆம் பிரிவும், உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்ற உச்ச நீதிமன்றத்தின் 1996-ஆம் ஆண்டு டி.கே. பாசு தீர்ப்பும் எங்கள் எல்லைச் சாலையில் மட்டும் எப்படிச் செயலற்றுப் போகும்?

மொழி குறித்தும் சொல்ல வேண்டும். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசு அலுவலகங்களோடு தமிழில் கடிதத் தொடர்பு கொள்ளவும், தமிழிலேயே பதில் பெறவும் வழி செய்கிறது. கைதுக்கான காரணத்தைக் கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுத்தாகத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பர் 6 அன்று தீர்ப்பளித்துள்ளது. மலையாளத்தின் மீது எங்களுக்கு எந்த மனக்குறையும் இல்லை. எங்கள் பிள்ளைகள் அதைக் கற்க வேண்டும் என்றே விரும்புகிறோம். ஆனால் மீறினால் தண்டனை என்று சொல்லும் ஓர் உத்தரவை, அதற்குக் கட்டுப்பட வேண்டியவர் வாசிக்கவே முடியாதென்றால், அவர் அதை எப்படி மதித்து நடக்க முடியும்?

ஆகவே, சித்தூர் வட்டத்தில் இனிப் பிறப்பிக்கப்படும் ஒவ்வொரு பாதுகாப்பு உத்தரவும் பிறப்பித்தவரின் பதவி, காரணம், எல்லை, முடிவுத் தேதி ஆகியவற்றோடு தமிழிலும் அச்சிடப்பட்டு, ஊராட்சி அலுவலகம், ரேஷன் கடை, பால் சொசைட்டி ஆகிய இடங்களில் ஒட்டப்படவும், காலம் முடிந்ததும் முடிந்தது என்று அதே இடங்களில் எழுதி அறிவிக்கப்படவும் ஆணையிட வேண்டுகிறோம். விசாரணைக்கு அழைத்துச் செல்லப்படுவோரின் வீட்டுக்கு உடனே தகவல் தருவதையும், வாங்கும் கைபேசிக்கு ரசீது தருவதையும், கையெழுத்து வாங்கும் தாளைத் தமிழில் வாசித்துக் காட்டி நகல் தருவதையும் உறுதிசெய்ய மாவட்டக் காவல் துறைத் தலைமைக்கு எழுத வேண்டுகிறோம். சுவரில் ஒட்டிய அந்த அறிவிப்பு இன்று நடப்பில் உள்ளதா என்பதை எங்களுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இல்லையென்றால், எங்கள் குடிநீர்க் கூட்டத்துக்கான மனுவை மறுபடி எடுத்து, கோடை தொடங்கும் முன்னரே அனுமதி வழங்க வேண்டும்.

அறிவிப்பின் ஒளிப்படமும், கூட்ட அனுமதி மனுவின் நகலும், ஊர் மக்களின் கையெழுத்துத் தாள்களும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. தங்கள் பதிலைத் தமிழில் அனுப்பிவைக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
எருத்தேன்பதி, வடகரப்பதி ஊராட்சிப் பகுதிப் பொதுமக்கள்