மறித்தலும் அடைத்தலும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கழிவுநீர்க் குழாயில் 'பிளாக்', இதயக் குழாயில் 'பிளாக்', தொல்லை தரும் கைப்பேசி எண்ணையும் 'பிளாக்' செய்யுங்கள் என்று தங்கள் நாளிதழ் அண்மைக் காலமாக எழுதி வருவதைக் கண்டு இதை எழுதுகிறேன். இவற்றுக்கெல்லாம் தமிழில் தனித்தனி வினைகள் உண்டு. அவற்றுள் 'மறி' என்னும் வினை மங்கி வருவதே எனக்குப் பெருங்கவலை.

குழாய்களில் நேர்வது அடைப்பு. தடுத்தல் என்பது சொல்லாலும் செயலாலும் செய்யக்கூடிய பொதுவினை. மறித்தலோ, குறுக்கே நின்று, வருவதைத் திருப்பிவிடுவது. திரும்புதலே இச்சொல்லின் அடிப்பொருள் என்பதற்குச் சான்றுகள் பல: மடங்கித் திரும்பும் அலை 'மறிதிரை' எனப்பட்டது, 'மறித்தும்' என்றால் மீண்டும் என்று பொருள், மலையாளத்தில் வண்டி 'மறிஞ்ஞு' என்றால் இன்றும் அது கவிழ்ந்துவிட்டது என்றே கொள்வர்.

எங்கள் மேலூர்ப் பக்கத்து விவசாயி மடையை அடைப்பார், வாய்க்காலை மறிப்பார். மடையை அடைத்தால் கண்மாய் நீர் உள்ளேயே நிற்கும். வாய்க்காலில் நான்கு மண்வெட்டிச் சேற்றை வெட்டி வைத்து மறித்தால், ஓடி வந்த நீர் அவ்விடத்தில் தயங்கி வயலுக்குள் திரும்பும். மேற்குக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்றை அணையால் மறித்து, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வைகைக்குத் திருப்பியதும் இதே வேலைதான். 1895-இல் திறக்கப்பட்ட அந்த அணையின் தண்ணீரில்தான் எங்கள் வயல்கள் விளைகின்றன. அந்த ஆறு 'தடுக்கப்பட்டது' என்று மட்டும் எழுதினால் நடந்ததில் பாதியைத்தான் சொன்னதாகும்.

தகைத்தல், சிறைத்தல் என்பனவும் இவ்வினத்துப் பழஞ்சொற்களே. விசையோடு வரும் புனலைத் தாங்கும் அணையைத் தொல்காப்பியம் 'கற்சிறை' என்கிறது. இன்று நமக்குச் சிறை என்றால் காவற்கூடம் மட்டுமே. இலங்கைத் தமிழரோ அக்காவலையே 'மறியல்' என்கின்றனர்.

நம் நாட்டில் மறியல் என்ற சொல் போராட்டத்துக்கு உரியதாயிற்று. 1921-இல் ஈரோட்டில் பெரியாரின் துணைவியார் நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் முன்னின்ற கள்ளுக்கடை மறியலை எண்ணிப் பாருங்கள். கடையை இழுத்துப் பூட்டுவது மறியலாகாது. குடிக்க வருபவரை வாசலில் நின்று திரும்பிப் போகச் செய்வதே மறியல். அவ்வளவு பொருத்தமாகச் சொல்லைத் தேர்ந்திருக்கிறார்கள் நம் முன்னோர்.

ஆனால் இப்போது 'சாலை மறியல்' என்ற தலைப்பில் மட்டுமே பெயர்ச்சொல்லாக அது உயிரோடு இருக்கிறது. வினையாகக் காண்பது அரிது. மரம் விழுந்தால் 'சாலையை மறித்துக் கிடக்கிறது' என்றும், குழாய்க்கும் இதயத்துக்கும் 'அடைப்பு' என்றும், அழைப்பு நம்மை எட்டாமல் திரும்பிவிடுவதால் கைப்பேசிக்கு 'எண்ணை மறித்தல்' என்றும் அச்சிடுமாறு தங்கள் செய்திப் பிரிவினரை அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
மேலூர், மதுரை மாவட்டம்.