எண்ணுக்குப் பக்கத்தில் ஆண்டையும் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழில் காரைக்குடிப் பக்கத்து ஆய்வாளர்களைப் பற்றி வந்த கட்டுரையில் என் பேராசிரியருக்கும் ஒரு வரி ஒதுக்கியிருந்தீர்கள். எச்-இண்டெக்ஸ் 6 மட்டுமே என்பதால் ஆய்வில் பெரிதாகச் சாதிக்காதவர் என்று. நான்கு நாளாக அந்த வரி தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

தங்களுக்குத் தெரியாததல்ல. 6 என்றால், அவருடைய கட்டுரைகளில் ஆறு, ஒவ்வொன்றும் குறைந்தது ஆறு முறை பிறரால் மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன என்று பொருள். இந்த அளவுகோலை ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்ததே 2005-ல்தான். எங்கள் சார் ஓய்வு பெற்றது 1996-ல். பிறக்காத தராசில் அவரை எப்படி ஐயா நிறுத்தீர்கள்? ஒரே எண் ஒருவருடைய பணியைத் தோராயமாகத்தான் காட்டும் என்று அந்த ஹிர்ஷே தன் கட்டுரையில் எச்சரித்திருக்கிறார். மேற்கோள்களை எண்ணிச் சொல்லும் தளங்களில், கூகுள் ஸ்காலரில் ஒரு எண் வரும், ஸ்கோப்பஸில் இன்னொன்று வரும். இரண்டும் திரட்டும் இதழ்கள் வேறு. தாங்கள் எதிலிருந்து எடுத்தீர்கள் என்று ஒரு சொல்கூட இல்லை. போதாததற்கு, பக்கத்திலேயே ஒரு மருத்துவ ஆய்வாளரின் 41. மருத்துவத்தில் ஒரு கட்டுரைக்குப் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து கையெழுத்திடுகிறார்கள். தண்ணீரும் காற்றும் ஓடும் விதத்தை ஆராயும் எங்கள் பாய்மவியலில், சோதனைக்கு ஒரு தொட்டியைக் கட்டிக் கசிவை அடைப்பதற்குள் ஒரு வருடம் ஓடிவிடும்.

நான் அவரிடம் படித்தவள். ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற பொறியாளர் 1883-ல் செய்த சோதனையை எங்களுக்குச் செய்து காட்டுவார். கண்ணாடிக் குழாயில் ஓடும் தண்ணீருக்குள் பெர்மாங்கனேட் கரைசலை ஊசிமுனை வழியாக விடுவார். ஊதா நூல் மாதிரி நேராகப் போகும். "யாரும் மேசையைத் தொடாதீங்க, நடக்காதீங்க" என்பார். வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க, நூல் நடுங்கி, சட்டென்று கலைந்து குழாய் முழுதும் ஊதாவாகிவிடும். நாற்பது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். இது எந்தக் கணக்கில் ஏறியிருக்கிறது?

அப்புறம் வரத்துக்கால். எங்கள் ஊர் ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய் வளைவில் தூர்ந்துகொண்டே வந்தது. ஐப்பசி மழையில் முழங்கால் தண்ணீரில் நின்று, 'வி' வடிவில் வெட்டிய தகரத்தைக் குறுக்கே நட்டு ஓட்டத்தை அளந்தார். அந்த வெட்டில் நீர்மட்டம் இரண்டு மடங்கானால் ஓட்டம் ஐந்தரை மடங்குக்கு மேல் போய்விடும். அதனால் ஒரு நூல் அளவு தப்பாகப் படித்தாலும் திட்டுவார். குடையைப் பிடித்துக்கொண்டு நோட்டில் எழுதியவள் நான். வளைவின் உட்பக்கம் வண்டல் சேரும், வெளிப்பக்கம் அரிக்கும். ஆனால் கல் கட்டியிருந்ததோ உட்பக்கம். மாற்றிக் கட்டச் சொன்னார், கட்டினார்கள். ஊருணி நிறைந்தது. இதைக் கட்டுரையாக எழுதித் தமிழில் ஒரு கருத்தரங்கில் வாசித்தார். அதற்கு மேற்கோள் பூஜ்யம்தான். அந்தத் தண்ணீரைக் குடத்தில் எடுத்துப் போன ஆச்சிகள் ஆய்விதழ் எழுதுவதில்லை.

மேற்கோள் எப்படிக் கூடுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் கட்டுரை ஒன்றைப் பரிசீலித்தவர், நான்கு கட்டுரைகளைச் சேர்த்தால்தான் ஏற்கலாம் என்று எழுதினார். நான்கும் ஒரே ஆளுடையவை. சேர்த்தேன். பதவி உயர்வுக்கு அந்தக் கட்டுரை வேண்டியிருந்தது. இன்றுவரை உறுத்துகிறது.

மேற்கோளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெங்களூரிலிருந்து விஞ்ஞானிகள் சதீஷ் தவானும் ரோடம் நரசிம்மாவும் 1958-ல் 'ஜர்னல் ஆஃப் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்' இதழில் எழுதியதை, சீரான ஓட்டம் கொந்தளிப்பாக மாறுவதைக் கணக்கிடுகிறவர்கள் இன்றும் எடுத்துப் பார்க்கிறார்கள். ஆனால் ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை மேற்கோள் பெறுகின்றன என்று காட்டும் இம்பாக்ட் ஃபேக்டரோ முந்தைய இரண்டே ஆண்டுக் கட்டுரைகளை வைத்துப் போடப்படுவது. எங்கள் துறையின் வேகம் அதுவல்ல.

சரி, செட்டிநாடு என்றாலே தங்கள் இதழுக்குக் கோழி வறுவலும் பங்களாவும்தான். முற்றத்தில் விழும் மழைநீர் எந்த வழியாகத் தெருவுக்கு வந்து ஊருணிக்குப் போனது என்று இரண்டு வருடம் முன்பு நான் எழுதிய கடிதத்தைப் போடவில்லை. ஆத்தங்குடிக் கல்லுக்கு ஆறு பக்கம் இருந்தது. அதையும் பொறுத்துக்கொண்டேன்.

இப்போது கேட்பது சின்ன விஷயம். இனி யாருடைய எச்-இண்டெக்ஸைப் போட்டாலும், எந்தத் தளத்திலிருந்து, எந்த ஆண்டு, என்ன துறை என்ற மூன்றையும் பக்கத்தில் போடுங்கள். சாரைப் பற்றிய வரிக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள்.

சாருக்கு எண்பது தாண்டிவிட்டது, கண் சரியாகத் தெரியவில்லை. தங்கள் இதழை நான்தான் அவருக்கு வாசித்துக் காட்டுகிறேன். இந்த முறை அந்தப் பக்கத்தை மட்டும் படிக்காமல் புரட்டிவிட்டேன். திருத்தம் வந்தால் இரண்டையும் சேர்த்து வாசிப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விரிவுரையாளர்,
தேவகோட்டை